பாறை பாதி செய்திருந்தது

மாமல்லபுரத்துப் பெரும்பாறையின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு ஓடுகிறது. அதை எந்த உளியும் உண்டாக்கவில்லை. மழையும் வெயிலும் காலகாலமாகப் பாறையின் இளகிய இடத்தைத் தேடி அரித்த பிளவு அது. ஏழாம் நூற்றாண்டில் சிற்பிகள் இங்கே வந்து நின்றபோது, ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்தில், மூன்று மாடி உயரத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு கற்சுவர் அவர்களுக்குக் கிடைத்தது. கிடைத்த சுவர் நட்டநடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் பழுதில்லாத பாறையைத் தேடிப் போயிருப்பார்கள். அல்லது வலப்புறம் ஒரு காட்சி, இடப்புறம் ஒரு காட்சி என்று பங்கு போட்டிருப்பார்கள். இவர்கள் பிளவையே கதையாக்கினார்கள். ஆகாயத்திலிருந்து இறங்கும் ஆறு அந்த வழியாகத்தான் வருகிறது. நாகராஜனும் நாகினியும் கைகூப்பியபடி அதில் மேலேறுகிறார்கள். தேவர், கந்தர்வர், கின்னரர், வேடர், முனிவர், யானை, சிங்கம், மான் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் இருபுறமும் திரண்டிருக்க, மொத்தக் கூட்டத்தின் ஓட்டமும் அந்த ஒரு கோட்டை நோக்கியே போகிறது. பாறையின் உச்சியில் நீரைத் தேக்கிவைத்து, விழாக்காலங்களில் பிளவு வழியே அருவியாக விழச் செய்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவன் யார் என்பதில் நூறாண்டுக்கும் மேலாக வழக்கு நடக்கிறது. பாசுபதம் வேண்டி நிற்கும் அர்ச்சுனன் என்பது ஊரார் வழக்கு. கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று 1914-இல் விக்டர் கோலுபேவ் எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி இதைச் சமணக் கதை என்றே வாதிட்டுத் தனி நூல் எழுதினார். மூவருக்கும் சான்றுகள் உண்டு. எந்தக் கட்சி வென்றாலும் பிளவு தன் இடத்தில்தான் நிற்கும்; கதையைச் சொல்வதற்கு முன்பே பாறை அதில் பாதியைச் சொல்லிவிட்டிருந்தது.

கற்பனை எங்கிருந்து வருகிறது என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிளவுதான் முதலில் மனத்தில் வரும். ஒன்றுமில்லாத இடத்தில் மூளையைக் கசக்கிப் பிழிந்து ஒன்றை வரவழைப்பதே படைப்பு என்று பலர் நம்புகிறார்கள். எழுத உட்காருகிறவர்கள், வரைய உட்காருகிறவர்கள், ராகம் பாட உட்காருகிறவர்கள் எல்லோரிடமும் இந்த நம்பிக்கை இருக்கிறது. அது அவர்களை வாட்டவும் செய்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் அப்படி வேலை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் முதலில் பார்த்தார்கள். எது ஏற்கெனவே இருக்கிறது, எது எந்த உருவமாக ஆக விரும்புகிறது என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் உளியை எடுத்தார்கள்.

பெரும்பாறைக்குத் தெற்கே சில அடி நடந்தால் கிருஷ்ண மண்டபம். இன்று நாம் பார்க்கும் தூண்கள் பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தார் முன்னால் கட்டிச் சேர்த்தவை. பல்லவர் காலத்தில் உள்ளே இருக்கும் சிற்பம் வெட்டவெளியில், வெயில்பட நின்றது. கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிறான். மலை எங்கே? சிற்பி மலையைச் செதுக்கவே இல்லை. கண்ணனின் உயர்த்திய கைக்கு மேலே செதுக்காமல் விட்ட பாறைதான் மலை. வானம் தெரிய அது திறந்து நின்ற நாளில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: உண்மையான பாறை, உண்மையான பாரம், அதன் அடியில் ஆயர்பாடி. ஆயர்பாடியில் யாரும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒருவன் குந்தியபடி பால் கறக்கிறான். கறவைப் பசு தன் கன்றை நக்குகிறது. தலையில் பானையும் கையில் சுமையுமாக ஒருத்தி போகிறாள். இந்திரன் கல்மாரி பொழிகிறான் என்ற பதற்றம் சிற்பத்தில் துளியும் இல்லை. கடவுள் தூக்கிக்கொண்டிருக்கிறார், நாம் மாட்டைக் கறப்போம் என்று இருக்கிறார்கள். அந்தப் பசுவின் கழுத்து வளைவை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. பால் கறக்கும்போது மாடு கன்றைப் பார்த்துத் திரும்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்த கண்ணுக்கு மட்டுமே அந்த வளைவு கிடைக்கும்.

கடற்கரைக் கோயிலிலும் இதே அறிவு வேலை செய்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் இரண்டு விமானங்களையும் அலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு சிவன் சந்நிதிகளுக்கும் இடையில், தாழ்ந்த இருட்டான இடத்தில், பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். விமானங்கள் வெட்டிக் கொண்டுவந்த கற்களை அடுக்கிக் கட்டியவை. பெருமாள் அந்த இடத்திலேயே கிடந்த பாறையில் வடித்தவர். தாழ்வாக, நீளமாகக் கிடந்த பாறையை நிமிர்த்தி நிற்க வைக்க யாரும் முயலவில்லை. கிடந்த பாறை கிடந்த கோலம் ஆயிற்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கோயில் அவரை நடுவில் வைத்துக்கொண்டு இருபக்கமும் வளர்ந்தது.

ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலின் தலபுராணம் இங்கே சொல்லத் தக்கது. புண்டரீக முனிவர் தாமரைப் பூக்களைப் பாற்கடலில் இருப்பவருக்குச் சூட்ட ஆசைப்பட்டு, வழியை மறித்த கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினாராம். பகலும் இரவும் இறைத்தும் கடல் வற்றவில்லை. ஒரு முதியவர் வந்து பசிக்கிறது, சாப்பாடு கொண்டுவா, அதுவரை நான் இறைக்கிறேன் என்றார். முனிவர் உணவோடு திரும்பி வந்து பார்த்தால், முதியவராக வந்த பெருமாள் பூக்களைச் சூடிக்கொண்டு, பாம்பணையும் இல்லாமல் வெறும் தரையில் படுத்திருந்தார். திருமங்கையாழ்வார் பாடிய 'கடல்மல்லைத் தலசயனம்' இந்தப் படுக்கைதான். இந்தக் கதையைப் பக்திக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் கையால் கடல் இறைத்த முனிவரின் உழைப்பைக் கதை கேலி செய்யவில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். இறைத்த இடத்துக்குத்தான் பெருமாள் வந்தார். இறைத்து முடித்ததால் வரவில்லை.

ஐந்து ரதங்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆகவே ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். தருமராச ரதம் உயரமாக இருப்பதும் வடக்கே போகப் போக ரதங்கள் சிறுத்துத் திரௌபதி ரதம் குடிசை அளவுக்கு வந்துவிடுவதும் அங்கிருந்த பாறையின் முதுகுச் சரிவால்தான். தெற்கே உயர்ந்து வடக்கே தாழ்ந்த ஒரே பாறை அது. சரிவை வெட்டிச் சமன்படுத்தியிருந்தால் நான்கும் ஒரே உயரத்தில் ஒரே மாதிரி வந்திருக்கும். உயர்ந்த இடத்தில் அடுக்கடுக்கான விமானமும், நீண்ட இடத்தில் சாலை வடிவக் கூரையும், குட்டையான நுனியில் கொற்றவைக்கு ஒரு கூரை வீடும் என்று பாறை கொடுத்ததைக் கொடுத்தபடி வாங்கிக்கொண்டார்கள். பக்கத்தில் தனியாக நிற்கும் நகுல சகதேவ ரதத்தின் பின்புறம் யானை முதுகுபோல வளைந்த தூங்கானை மாடம். அதன் அருகிலேயே ஒரு பாறையில் முழு யானை நிற்கிறது. வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு யானையின் முதுகும் மாடத்தின் முதுகும் ஒன்றாகத் தெரியும்படி இரண்டையும் திருப்பி வைத்திருக்கிறார்கள். நீண்ட பள்ளிப்பாடத்தை ஒரே பார்வையில் சொல்லிக் கொடுக்கிற இடம் அது.

இனி என் மனத்துக்கு மிக நெருங்கிய இடத்துக்கு வருகிறேன். பெரும்பாறையின் கீழ்ப்பகுதியில் மான்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பின்னங்காலைத் தூக்கி, குளம்பால் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. மேலே கங்கை இறங்குகிறது, சிவபெருமான் வரம் கொடுக்கிறார், தேவலோகமே பறந்து வருகிறது. மானுக்கு மூக்கில் நமைச்சல். கருங்கல்லில், அதுவும் இவ்வளவு கெட்டியான கல்லில், இவ்வளவு இலேசான காரியத்தை ஒருவர் செய்திருக்கிறார். அந்த மான் அங்கே இருந்தாக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லியிருக்காது. அரசன் கேட்டிருக்க மாட்டான். பார்த்த ஒன்றைக் கை தானாகச் செய்திருக்கிறது.

வலப்பக்கத்து யானையின் தந்தத்துக்கு அருகில் ஒரு பூனை. அதுவும் நிமிர்ந்து, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. மகாபாரதத்தில் உத்தியோக பருவத்தில் வரும் போலித் தவப் பூனையின் கதை இது. ஒரு பக்கம் உண்மைத் தவம், மறுபக்கம் அதே நிலையில் பொய்த் தவம். இரண்டுக்கும் அளவு மட்டுமே வேறு. புனிதமான ஒரு காட்சிக்கு நடுவில் சிரிப்பை வைக்க எவ்வளவு நிம்மதியான மனம் வேண்டும்! தன் பக்தியைப் பற்றிச் சந்தேகம் உள்ளவன் அந்தப் பூனையைச் செதுக்கியிருக்க மாட்டான். ஆற்றங்கரையில் குளித்து எழுந்து துணியைப் பிழிகிறவனும், தோளில் தண்ணீர்க் குடம் சுமப்பவனும்கூட இதே மனத்திலிருந்து வந்தவர்கள்தான்.

பக்கத்திலேயே தனிக் கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஆண் அதன் தலையில் பேன் பார்க்கிறது. இதைச் செய்தவர் உளிவேலையை எங்கே நிறுத்தினார் என்பதை ஊன்றிப் பாருங்கள். முகத்தில் மயிரில்லை, விரல்களில் நகம் தெளிவாக இல்லை. குரங்கின் முதுகு எப்படிக் கூனும், பேன் பார்க்கும்போது கை எவ்வளவு கவனமாக இருக்கும், அது மட்டும் போதும் என்று நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் செதுக்கியிருந்தால் அது திறமையான குரங்காகியிருக்கும். இப்போது வெறும் குரங்காக இருக்கிறது. உலகத்தில் எங்கே எந்த விலங்குச் சிற்பத்தைப் பார்த்தாலும் நான் இதனோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறேன்.

தெய்வ உருவங்களுக்கு இலக்கணம் உண்டு. தாள அளவு உண்டு; உத்தம தசதாளத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலக் கூறுகளாகப் பிரியும், முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று பங்கு இருக்கும். தியான சுலோகம் உண்டு. எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்று அது சொல்லும். மானுக்கும் பூனைக்கும் அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் மான் நன்றாக வந்தது, இலக்கணம் தடையாக இருந்தது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. மகிடாசுரமர்த்தினி குகைக்குப் போய் ஒருமுறை நின்றால் அந்த எண்ணம் போய்விடும். ஒரு சுவரில் துர்க்கை சிங்கத்தின்மேல் அமர்ந்து வில் வளைக்கிறாள். எருமைத்தலை அசுரன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்னே சாய்ந்து விலகுகிறான். எதிர்ச்சுவரில் திருமால் அனந்தன்மேல் துயில்கிறார். துர்க்கையின் முகத்தில் கோபத்தின் சுளிப்பு இல்லை. திருமாலின் நீண்ட கையில் துளி முறுக்கம் இல்லை. இரண்டு உருவங்களுக்கும் இலக்கணம் முழுதாக இருக்கிறது, அதன் பாரம் எங்கும் தெரியவில்லை. அளவு கையில் ஊறிவிட்டால் மனம் அளவை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீச்சல் தெரிந்தவன் தண்ணீரில் கையை எங்கே வீசுவது என்று யோசிப்பதில்லை அல்லவா?

இந்தச் சரளம் எத்தனை காலத்தில் வந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். ஊருக்குக் கிழக்கே வல்லத்தில் ஒரு சிறு குன்றும் அதில் ஒரு குகைக்கோயிலும் உள்ளன. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வசந்தப்பிரியரசனின் மகன் கந்தசேனன் எடுப்பித்தது என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முதற்பகுதி. தூண்கள் தடித்தவை, மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. வாயில்காப்போர் கதாயுதத்தில் அழுந்தச் சாய்ந்து நிற்கிறார்கள். கல்லோடு அப்போதுதான் பழகத் தொடங்கிய கைகள் அவை. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததை மண்டகப்பட்டில் பெருமையோடு பொறித்துவைத்த மகேந்திரனின் காலம் அது. புதுப் பொருள், புதுப் பழக்கம். வல்லத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரும் சாலையில் பேருந்தில் ஏறினால், ஒரு கலை தயக்கத்திலிருந்து சரளத்துக்கு வந்த தூரத்தை ஒரே முற்பகலில் கடந்துவிடலாம். கல்லில் அந்தத் தூரத்தைக் கடக்க அவர்களுக்கு இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று. பெரும்பாறையின் எளிமையைக் காணும்போது வல்லத்துத் தூணின் தடிப்பையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

வேலை எப்படி நடந்தது என்பதை முடிக்காமல் விட்ட குகைகள் காட்டுகின்றன. பாறைமுகத்தில் கோடு கீறிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கோடுகளை ஆழப்படுத்தி, நடுவில் புடைத்து நிற்கும் சதுரங்களைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். மறுபடி கோடு, மறுபடி சதுரம். ஆழம் இப்படி விரற்கடை விரற்கடையாகத்தான் வந்தது. கல் கெட்டி, உளி முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய உளியோடு அடித்தால் கல்லும் போகும், கையும் போகும். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டி என்ற இடத்துப் பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர். கூடவே கொல்லன் சேமகன். அந்தக் கடைசிப் பெயர் என்னை நெகிழ வைக்கிறது. உளியைக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்துத் திரும்பத் திரும்பக் கூராக்கிக் கொடுத்த கொல்லனையும் அவர்கள் தங்களில் ஒருவனாக எழுதிக்கொண்டார்கள். சிற்பியின் கை தயங்காமல் ஓட வேண்டுமானால் பக்கத்தில் உலை எரிந்துகொண்டிருக்க வேண்டும். மானின் மூக்கு நமைச்சலில் சேமகனுக்கும் பங்கு இருக்கிறது.

எல்லா இடத்திலும் இந்தச் சரளம் வாய்க்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் பக்கம் இதே தவக்காட்சியை இன்னொரு பாறையில் தொடங்கி நடுவில் விட்டிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் குறைவு. அங்கே உருவங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒன்றோடொன்று பேசவில்லை என்று எனக்குத் தோன்றும். ஏன் நிறுத்தினார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும்கூட அரைகுறையாகத்தான் நிற்கின்றன. பெரும்பாறையிலேயே இடப்பக்கக் கீழ்ப்பகுதி முடிக்கப்படவில்லை. முடியாத வேலைகள் இத்தனை கிடக்கும் ஊரில்தான் அந்தக் குரங்குகள் பிறந்தன. தொடங்கியதையெல்லாம் எப்பாடுபட்டாவது முடித்தே தீர வேண்டும் என்ற நெருக்குதல் இல்லாத இடத்தில் கைக்கு ஒரு துணிச்சல் வரும் என்று நினைக்கிறேன். சற்றுத் தள்ளி, சரிவில் உருண்டு விழப்போவதுபோல நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையை அவர்கள் சிற்பமாக்கவே இல்லை. அதில் செய்வதற்கு எதுவும் இல்லை என்று கண்டுகொண்டதும் ஒரு கலைதான்.

இந்தக் கடற்கரை கல்லோடு நின்றுவிடவில்லை. 'சிவகாமியின் சபதம்' நாவலின் தோற்றத்தைப் பற்றிக் கல்கியே எழுதியிருக்கிறார். ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரத்து மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பொழுதில்தான் ஆயனரும் சிவகாமியும் அவர் மனக்கண்ணில் எழுந்தார்கள். மறுநாளே பேனாவை எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கதை 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் வந்தது. வாராவாரம் பத்திரிகைப் பக்கத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் உள்ள ஒருவர், ஒரு கதையை இத்தனை காலம் அவசரப்படுத்தாமல் வைத்திருந்தார் என்பது எனக்கு நாவலைவிடவும் வியப்பைத் தருகிறது. கூட இருந்தவர் டி.கே.சி. என்பதும் தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு பாட்டை நூறு தடவை சொல்லி, அது தானாகத் திறக்கும்வரை காத்திருந்து ரசித்தவர் அவர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையை நோக்கிப் போனால் ஈஞ்சம்பாக்கம். இன்று அது சென்னைக்குள் இருக்கிறது. 1966-இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கியபோது அது செங்கல்பட்டு மாவட்டத்து மணற்காடு. சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து நிலம் வாங்கினார்கள். பணம் எப்படி வந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஓவியம் விற்று வரவில்லை. நவீன ஓவியத்தை வாங்க அன்றைக்குச் சென்னையில் ஆள் இல்லை. துணியில் பாத்திக் வேலை, உலோக வேலை, தோல் வேலை என்று கைத்தொழில் செய்து விற்றார்கள். பகலில் ஒரு பகுதி நேரம் வயிற்றுக்கு. மிச்ச நேரம் தூரிகைக்கு. வயிற்றுக்கான காரியத்தை ஓவியத்தின் தலையில் சுமத்தாததால் ஓவியம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரைவதுதான் ஓவியரைக் கட்டிப்போடும் மிகப் பெரிய கயிறு. அதை இவர்கள் இவ்வளவு நடைமுறையான வழியில் அவிழ்த்தார்கள்.

பணிக்கரின் கதையிலேயே இன்னொரு செய்தி உண்டு. மேற்கத்திய நகலாக இல்லாத, இந்த மண்ணுக்குரிய ஓவிய மொழி எது என்று அவர் வெகுகாலம் தேடிக்கொண்டிருந்தார். 1963 வாக்கில் ஒரு கணித மாணவனின் நோட்டுப் புத்தகப் பக்கம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. எண்களும் எழுத்துகளும் குறிகளும் பக்கம் முழுவதும் நெருக்கமாக நிறைந்திருந்தன. அந்தப் பக்கத்திலிருந்துதான் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசை பிறந்தது. ஜாதகக் கட்டங்கள்போல, படித்தால் பொருள் தராத எழுத்துகள்போல அவை விரிந்தன. நோட்டுப் புத்தகங்கள் எல்லார் வீட்டிலும் கிடக்கின்றன. தேடித் தேடிக் கண் கூர்மையான ஒருவர் முன்னால் அது கிடந்தது என்பதுதான் விசேஷம். பெரும்பாறையின் பிளவும் அதற்கு முன் எத்தனையோ மீனவர்கள், மாடு மேய்ப்பவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

மாமல்லபுரத்தில் கல்வேலை இன்றும் நடக்கிறது. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக இருக்கிறது. கணபதி ஸ்தபதி நெடுங்காலம் அதன் முதல்வராக இருந்து எத்தனையோ கைகளை உருவாக்கினார். மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளில் இப்போது கல் அறுக்கும் இயந்திரத்தின் கூச்சல். வெள்ளைத் தூசி மரங்களின் மேலெல்லாம் படிந்திருக்கும். இயந்திரத்தைப் பழிப்பதில் எனக்கு விருப்பமில்லை. பருமனான வேலையைச் சதுரம் சதுரமாகத் தட்டி எடுப்பதை அது குறைக்கிறது. முழங்கையும் தோளும் மிச்சமாகின்றன. கல்லை வாங்கும்போது இன்றும் தட்டிப் பார்க்கிறார்கள். வெண்கல மணிபோல ஓசை வந்தால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு உண்டு. கல்லின் பேச்சைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவதில்லை என்ற பழக்கம் போய்விடவில்லை.

எனக்குக் கவலை தருவது நேரம். வெளிநாட்டுக் கோயிலுக்கு இத்தனை விக்கிரகம், இந்தத் தேதிக்குள் கப்பலேற வேண்டும் என்று ஒப்பந்தம் வருகிறது. படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். வேலை சுத்தமாகத்தான் வருகிறது, குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதே பட்டறை வாசலில், பெரிய விக்கிரகங்களின் காலடியில், வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளில் செய்த சிறு உருவங்கள் சில சமயம் கிடக்கும். ஆமை, தவளை, தலையைத் திருப்பி உட்கார்ந்த கன்றுக்குட்டி. யாரும் கேட்டுச் செய்தவை அல்ல. சாப்பாட்டு வேளைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் யாரோ ஒருவர் துண்டுக்கல்லின் வளைவைப் பார்த்து, இது தவளை முதுகு என்று கண்டு, நாலு தட்டில் செய்து வைத்தவை. அவற்றில் எல்லாம் நன்றாக இருக்காது. பத்தில் ஒன்றில் பல்லவன் தெரிவான்.

ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில் நடக்கும்போது கண்ணாடிக்குள் வைத்த பளபளப்பான பிள்ளையார்களைத் தாண்டித் தரையில் பாருங்கள். அப்படி ஒரு தவளை கண்ணில் பட்டால், பேரம் பேசாமல், அவர்கள் சொல்வதற்கு மேலேயே கொஞ்சம் கொடுத்து வாங்குங்கள். அதைச் செய்தவருக்கு இன்னொரு நாள் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து கல்லைப் பார்க்க அது உதவும்.